விடைப்பட்டியைத் திருத்தியாயிற்று, மாணவர் கைப்பேசியில் ஏன் இன்னும் பழையது?



இப்படி ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். எஸ்.பி.எம். நெருங்கிவிட்டது. உங்கள் பாடக்குழுவின் இணையத்தளத்தில் ஓர் இலக்கணப் பயிற்சித் தாளும் அதன் விடைப்பட்டியும் இருக்கின்றன. விடைப்பட்டியில் ‘வந்துச் சொன்னான்’ என்பது சரியான விடை என்று பதிவாகிவிட்டது. வன்தொடர்க் குற்றியலுகரத்தில் முடியும் வினையெச்சத்தை அடுத்து வலி மிகும்: கேட்டுச் சொன்னான், படித்துக் கொடுத்தான். ‘வந்து’ மென்தொடர், அங்கே மிகாது. இரவு 8 மணிக்கு ஓர் ஆசிரியர் இதைக் கண்டுபிடிக்கிறார். உடனே திருத்தி, அதே பெயரில் புதிய பி.டி.எஃப். கோப்பைத் தளத்தில் ஏற்றுகிறார். தம் மடிக்கணினியில் திறந்து பார்க்கிறார், திருத்தம் இருக்கிறது. நிம்மதி.

அரை மணி நேரத்தில் புலனத்தில் செய்தி வருகிறது: “டீச்சர், என் போன்ல இன்னும் பழைய விடைதான் இருக்கு.” இன்னொரு மாணவர்: “எனக்குப் புதுசு வந்துடுச்சு டீச்சர்.” மூன்றாமவர் எதுவும் கேட்கவில்லை, பழையதை மனனம் செய்துகொண்டிருக்கிறார்.

கோப்பு ஒன்றுதான். பிறகு எப்படி ஆளுக்கொரு பதிப்பு? இதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். நம் பாடக்குழுக்கள் பலவும் சொந்தமாகத் தளம் வைத்து, அதன்முன் கிளவுட்ஃபிளேர் போன்ற ஓர் உள்ளடக்க விநியோக வலையமைப்பை, அதாவது சி.டி.என்.-ஐ, இணைத்து நடத்தும் காலம் இது. இணைப்பது சுலபம். இணைத்த பிறகு எது எங்கே தேங்குகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

மூன்று இடங்கள், மூன்று படிகள்

உங்கள் கோப்பு முதலில் வழங்கியில் இருக்கிறது. அது அசல். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உள்ள சி.டி.என். நிலையம் அதன் ஒரு படியை வைத்துக்கொள்கிறது. மாணவரின் உலாவி, தன் கைப்பேசிக்குள் இன்னொரு படியை வைத்துக்கொள்கிறது. இந்தத் தேக்கத்தைத்தான் கேஷ் என்கிறோம்.

பள்ளியில் வைத்துச் சொன்னால் இன்னும் எளிது. அசல் தாள் ஆசிரியரிடம் இருக்கிறது. வள மையத்தில் ஓர் அடுக்கு நகல். மாணவரின் புத்தகப்பையில் ஒரு நகல். தாளில் பிழை கண்டால் ஆசிரியர் வள மையத்துக்குப் போய், “பழசையெல்லாம் எடுத்துடுங்க, இதோ புதுசு” என்று சொல்லலாம். ஆனால் நாற்பது மாணவரின் பையிலும் அவர் கைவிட முடியாது. அவர்களாகத் தூக்கிப் போட்டால்தான் உண்டு.

சி.டி.என். தளத்தில் ‘பர்ஜ்’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சி.டி.என். நிலையங்களில் உள்ள படிகள் நீங்கும். அந்தப் பொத்தான் காலிசெய்வது வள மையத்தை மட்டுமே. புத்தகப்பைக்கு அதன் கை எட்டாது. “பர்ஜ் செய்துட்டேனே, ஏன் மாறலை?” என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. மாணவரின் உலாவி தன்னிடம் உள்ள படி இன்னும் காலாவதி ஆகவில்லை என்று நம்பினால், அது சி.டி.என்.-ஐக் கேட்கவே கேட்காது. கேள்வியே வராதபோது புதிய பதிலை எப்படி அனுப்புவது?

காலாவதித் தேதியை யார் எழுதுகிறார்கள்?

ரொட்டிப் பொட்டலத்தில் தேதி அச்சிட்டிருப்பதுபோல, வழங்கி அனுப்பும் ஒவ்வொரு கோப்போடும் ஒரு தலைப்பு வரி செல்லும். அதன் பெயர் கேஷ்-கண்ட்ரோல். (இங்கே எல்லாவற்றையும் ஒலிப்பில் எழுதுகிறேன், அமைப்புக் கோப்பில் இடும்போது ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும்.)

அதில் முக்கியமான சொல் மேக்ஸ்-ஏஜ். எத்தனை விநாடி இந்தப் படியைக் கேள்வி கேட்காமல் பயன்படுத்தலாம் என்பதை அது சொல்கிறது. 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள், 31536000 என்றால் ஓர் ஆண்டு. எஸ்-மேக்ஸ்ஏஜ் என்பது சி.டி.என். போன்ற பொதுத் தேக்கங்களுக்கு மட்டும் உரிய கால அளவு. உலாவி அதைப் பொருட்படுத்தாது. ஆக, வள மையத்துக்கு ஒரு தேதி, புத்தகப்பைக்கு வேறு தேதி என்று பிரித்துச் சொல்ல வழி இருக்கிறது. பலரும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் வசதி இது.

அடுத்த இரண்டு சொற்கள் பெயராலேயே குழப்புகின்றன. நோ-கேஷ் என்றால் ‘தேக்காதே’ என்று பொருள் கொள்வோம். அது தவறு. ‘வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்து’ என்பதே அதன் பொருள். ‘எங்கும் வைக்காதே’ என்பதற்கு உரிய சொல் நோ-ஸ்டோர். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று தளம் வீணாய் மெதுவாகும், அல்லது மறைவாய் இருக்க வேண்டியது கைப்பேசியில் தங்கிவிடும்.

கேட்டுவிட்டுப் பயன்படுத்துவது எப்படி நடக்கிறது? கோப்புடன் ஈடேக் என்ற ஓர் அடையாளக் குறி வரும். அடுத்த முறை உலாவி, “என்னிடம் இந்தக் குறியுள்ள படி இருக்கிறது, இன்னும் அதுதானா?” என்று கேட்கும். அதுதான் என்றால் வழங்கி 304 என்ற பதில் எண்ணை மட்டும் அனுப்பும், கோப்பை அனுப்பாது. 8 மெகாபைட் பயிற்றி ஒன்றை 40 மாணவர் ஒரே நாளில் மறுபடி திறந்தால் 320 மெகாபைட் போக வேண்டிய இடத்தில் சில கிலோபைட்டோடு வேலை முடிகிறது. முன்கட்டணத் தரவில் படிக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. கேஷ் நமக்குப் பகை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, கேஷ்-கண்ட்ரோல் வரியே இல்லையென்றால்? உலாவி ஊகிக்கும். ஊகத்துக்கு ஒரு வழக்கமான கணக்கும் உண்டு: கோப்பு கடைசியாக மாற்றப்பட்டு எத்தனை நாள் ஆயிற்றோ அதில் பத்தில் ஒரு பங்கு. 100 நாள் கை படாத கோப்பு என்றால், 10 நாள்வரை கேட்காமலே காட்டலாம் என்று உலாவி முடிவெடுக்கக்கூடும். எச்.டி.டி.பி. தேக்க முறைகளை வகுக்கும் 2022-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 9111 ஆவணமே இந்தப் பத்து விழுக்காட்டைக் குறிப்பிடுகிறது. “நான் ஒன்றுமே செய்யலையே” என்பவர் தளத்தில் பழையது தங்குவதற்குக் காரணம், அந்த ஒன்றுமே செய்யாததுதான்.

கிளவுட்ஃபிளேரைப் பயன்படுத்துவோர் இன்னும் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது கோப்பின் வால்பெயரைப் பார்த்துத்தான் தேக்கும். படம், பி.டி.எஃப்., வேர்ட், பவர்பாயிண்ட் கோப்புகள் தாமாகவே தேங்கும், எச்.டி.எம்.எல். பக்கங்கள், நீங்களாகச் சொன்னாலன்றித் தேங்கா. இரண்டாவது, ‘பிரௌசர் கேஷ் டி.டி.எல்.’ என்ற அமைப்பு. புதிதாக இணைத்த தளத்தில் அது பொதுவாக 4 மணி நேரம் என்று இருக்கும். உங்கள் வழங்கி அதைவிடக் குறைந்த காலம் சொன்னாலும், 4 மணி நேரமாக மாற்றி உலாவிக்கு அனுப்பிவிடும். நீங்கள் 5 நிமிடம் என்று எழுதியும் பலிக்காததன் மர்மம் இதுவே. மேலே சொன்ன கதையில், மாணவர் ஒருவர் இரவு 7 மணிக்குக் கோப்பைத் திறந்தார் என்றால், நீங்கள் 8 மணிக்கு என்ன பர்ஜ் செய்தாலும், அவர் கைப்பேசியில் 11 மணிவரைகூடப் பழையது நீடிக்கலாம். அந்த அமைப்பை ‘ரெஸ்பெக்ட் எக்ஸிஸ்டிங் ஹெடர்ஸ்’ என்று மாற்றுங்கள். அப்போதுதான் உங்கள் வழங்கி சொல்வது அப்படியே போய்ச் சேரும். மற்ற எதையும் தொடுமுன் இதை முதலில் செய்யுங்கள். இல்லாவிட்டால் பின்னால் எழுதும் எண்களுக்குப் பொருளே இல்லை.

பெயரை மாற்றுங்கள்

இப்போது தீர்வுக்கு வருவோம். என் கருத்தில் தேர்வுக் கோப்புகளுக்கு உறுதியான வழி ஒன்றுதான்: ஒருமுறை வெளியிட்ட பெயரில் வேறு கோப்பை ஏற்றாதீர்கள். திருத்தினால் பெயரும் மாறட்டும். தாள்1-விடை-ப1 என்றிருந்தது, திருத்தியதும் தாள்1-விடை-ப2 ஆகட்டும். உலாவிக்கு அது முற்றிலும் புதிய முகவரி. அதன் பையில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. எனவே கேட்டே ஆக வேண்டும். சி.டி.என். நிலையத்துக்கும் அப்படியே. பர்ஜ் பொத்தானுக்கே வேலை இல்லை.

பெயர் மாறும் என்ற ஒழுங்கு வந்துவிட்டால், அந்தக் கோப்புகளுக்குத் துணிந்து ஓர் ஆண்டுகூட மேக்ஸ்-ஏஜ் கொடுக்கலாம். கூடவே இம்யூட்டபிள் என்ற சொல்லையும் சேர்க்கலாம். ‘இது மாறாது, மறுபடி கேட்க வேண்டாம்’ என்பது அதன் பொருள். ஆனால் இந்த ஒழுங்கு இல்லாத தளத்தில் ஓர் ஆண்டு கொடுப்பதைவிட ஆபத்து வேறில்லை. பெயர் மாறாத கோப்புக்கு நீண்ட காலக்கெடு என்பது, பிழையான விடைப்பட்டியை மாணவர் பையில் தைத்துவிடுவதற்குச் சமம்.

கோப்பின் பெயர் மாறினால் அதைச் சுட்டும் பக்கமும் மாற வேண்டும் அல்லவா? ஆகவே பதிவிறக்கப் பட்டியல் உள்ள பக்கத்துக்கு நோ-கேஷ் கொடுங்கள். பக்கம் சிறியது, ஒவ்வொரு முறை கேட்டாலும் செலவு இல்லை. பெரிய கோப்பு நெடுநாள் தங்கும், சிறிய பக்கம் எப்போதும் புதிதாய் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த முறை நிற்கும்.

இதிலிருந்து ஒரு பழக்கமும் பின்தொடர்கிறது. புலனத்தில் பகிரும்போது பக்கத்தின் இணைப்பைப் பகிருங்கள், பி.டி.எஃப்.-இன் நேரடி இணைப்பை வேண்டாம். நேரடி இணைப்பு பத்துக் குழுவுக்குப் போய்விட்டால், பெயரை மாற்றினாலும் அவர்கள் பழைய கதவையே தட்டிக்கொண்டிருப்பார்கள். பழைய கோப்பை வழங்கியிலிருந்து நீக்கி, அந்த ஒரு முகவரியை மட்டும் பர்ஜ் செய்துவிடுங்கள். ‘பர்ஜ் எவ்ரிதிங்’ என்று மொத்தத்தையும் அழிக்கத் தேவையில்லை. தேர்வுக் காலத்தில் அதைச் செய்தால் எல்லாக் கோரிக்கையும் ஒரே நேரத்தில் உங்கள் சிறிய வழங்கியின் தலையில் விழும்.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு செய்தி. அதே பெயரில் இன்னொரு கோப்பை ஏற்றினால், வேர்ட்பிரஸ் தானாகவே பின்னால் ‘-1’ என்று சேர்த்துவிடும். பார்க்க எரிச்சலாக இருந்தாலும், கேஷ் கணக்கில் அது நமக்கு நன்மையே செய்கிறது. பெயர் மாறாமல் கோப்பை மட்டும் மாற்றித் தரும் செருகுநிரல்கள் இருக்கின்றன. அழகுக்காக அவற்றை நிறுவினால் பழைய சிக்கல் திரும்பி வரும்.

கோப்புக்குத் தமிழிலேயே பெயர் சூட்டத்தான் மனம் வரும். தமிழாசிரியர்கள் நாம்! ஆனால் இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் ஆகி, விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். ‘விடைப்பட்டி’ என்பதில் மட்டும் 11 குறியீடுகள்; ஆக 99 எழுத்து நீளம். பகிரும்போது பாதியில் உடையும். பக்கத்தில் தெரியும் தலைப்பு அழகுத் தமிழில் இருக்கட்டும், கோப்பின் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும்.

சில கோப்புகளின் பெயரை மாற்றவே முடியாது. பயிலரங்கு அட்டவணை ஒன்றின் முகவரி சுவரொட்டியில் கியூ.ஆர். குறியாக அச்சாகிவிட்டது என்றால் என்ன செய்வது? அதற்கு மேக்ஸ்-ஏஜ் 60, எஸ்-மேக்ஸ்ஏஜ் 86400 என்று கொடுங்கள். உலாவி ஒரு நிமிடத்துக்குமேல் நம்பாது, சி.டி.என். ஒரு நாள் வைத்திருக்கும். அட்டவணை மாறினால் அந்த முகவரியைப் பர்ஜ் செய்யுங்கள். வள மையத்தை நாம் காலிசெய்ய முடியும் என்பதால் அங்கே நீண்ட காலம் வைக்கலாம். பையை நம்மால் திறக்க முடியாது என்பதால் அங்கே குறைந்த காலம். அப்பாச்சி வழங்கியில் இதையெல்லாம் எச்.டி.அக்சஸ் கோப்பில் கோப்பு வகை வாரியாக எழுதலாம். தளத்தைக் கவனிக்கும் ஒருவர் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார்.

புள்ளிகள் இருக்கும் பக்கம்

இதுவரை சொன்னதில் பழையது தெரிவதுதான் இழப்பு. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: ஒருவருடையது இன்னொருவருக்குத் தெரிவது.

2015 கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் இது நடந்தது. தளத்தின்மீது தாக்குதல் வந்ததால் நெரிசல் பலமடங்கு கூடியது. அதைச் சமாளிக்கக் கேஷ் விதிகளை மாற்றினார்கள். மாற்றிய விதிகளுள் ஒன்று, உள்நுழைந்தவர்களுக்கு உரிய பக்கங்களையும் தேக்கிவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், ஒருவர் தம் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் வேறொருவருடையது வந்தது. சுமார் 34,000 பயனரின் விவரங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அத்தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் பின்னர் அறிவித்தது. மின்னஞ்சல், கட்டண முகவரி, வாங்கிய பொருள்களின் பட்டியல் போன்றவை அவற்றுள் அடங்கும். யாரும் கடவுச்சொல்லைத் திருடவில்லை. தேக்கக் கூடாததைத் தேக்கியதே காரணம்.

நம் தளங்களிலும் மாணவர் உள்நுழைந்து புள்ளிகளைப் பார்க்கும் பக்கம் இருக்கலாம்; அடையாள அட்டை எண் கேட்கும் பயிலரங்குப் பதிவுப் படிவம் இருக்கலாம். கிளவுட்ஃபிளேரில் ‘கேஷ் எவ்ரிதிங்’ என்ற விதியை, “தளம் வேகமாகட்டும்” என்று முழுத் தளத்துக்கும் போட்டால், இந்தப் பக்கங்களும் அதில் சிக்கும் அபாயம் உண்டு. முதலில் பார்க்கும் மாணவியின் புள்ளிப் பட்டியல், அடுத்து வருபவருக்கும் போகலாம். அந்த விதியை முழுத் தளத்துக்கும் போடாதீர்கள். உள்நுழைவு தேவைப்படும் எல்லாப் பக்கத்துக்கும் பிரைவேட், நோ-ஸ்டோர் என்று வழங்கியிலேயே எழுதுங்கள்; சி.டி.என். பக்கத்திலும் அந்தப் பாதைக்கு ‘பைபாஸ்’ விதி ஒன்று இடுங்கள். இரட்டைப் பூட்டு இங்கே மிகையாகாது. பள்ளியின் பொதுக் கணினியில் நாற்பது பேர் மாறி மாறி உட்காரும் இடத்தில், நோ-ஸ்டோருக்கு வேறொரு பயனும் உண்டு: முந்தியவர் பார்த்த பக்கம் அந்தக் கணினியில் தங்காது.

மாற்றிய பிறகு சரிபார்க்க வேண்டும். கணினியில் கோப்பின் முகவரியைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போய், பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். கோப்பின் பெயரைச் சொடுக்கினால் தலைப்பு வரிகள் தெரியும். ‘சி.எஃப்.-கேஷ்-ஸ்டேட்டஸ்’ வரியில் ‘ஹிட்’ என்றிருந்தால் சி.டி.என். தன் படியைத் தந்தது. ‘மிஸ்’ என்றால் அசலிலிருந்து எடுத்து வந்தது. ‘டைனமிக்’ என்றால் அது தேக்கும் வகையே அல்ல. புள்ளிப் பக்கத்தில் ‘ஹிட்’ என்று கண்டால் அன்றைய வேலையை விட்டுவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ‘ஏஜ்’ என்ற வரி அந்தப் படிக்கு எத்தனை விநாடி வயது என்று சொல்லும். ‘சி.எஃப்.-ரே’ வரியின் கடைசி மூன்று எழுத்து விமான நிலையக் குறி: கே.யூ.எல். என்றால் கோலாலம்பூர், எஸ்.ஐ.என். என்றால் சிங்கப்பூர். மாணவர்களுக்குக் காட்டிப் பாருங்கள், “இது எங்கிருந்து வருது டீச்சர்?” என்று ஆர்வமாய்க் கேட்பார்கள். பட்டியலில் ‘டிஸ்க் கேஷ்’ என்று வந்தால், கோப்பு இணையத்திலிருந்தே வரவில்லை. உங்கள் கணினியின் பையிலிருந்து வந்தது. ஆகவே சரிபார்ப்பை உங்கள் ஒரே மடிக்கணினியோடு முடிக்காதீர்கள். கோப்பை முன்பே திறந்த ஒரு கைப்பேசியிலும், திறக்காத ஒன்றிலும் பாருங்கள். பிழை ஒளிந்திருப்பது முன்பே திறந்த கைப்பேசியில்தான்.

மாணவர்களே, உங்கள் பங்குக்கு: திருத்தம் வந்துவிட்டது என்று ஆசிரியர் சொல்லியும் பழையதே தெரிந்தால், கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், உலாவி தன் படியை ஒதுக்கிவிட்டுப் புதிதாய்க் கேட்கும். கைப்பேசியில் இன்காக்னிட்டோ சாளரத்தைப் புதிதாய்த் திறந்து அதில் அதே பக்கத்துக்குப் போங்கள். அந்தச் சாளரம் வெறும் பையோடு தொடங்கும்.

ஆனால் ‘டவுன்லோட்ஸ்’ பகுதியில் நீங்கள் சேமித்த கோப்பும், நண்பர் புலனத்தில் அனுப்பிய கோப்பும் கேஷ் அல்ல. அவை உங்களுடைய தனிப் படிகள். எந்தத் தளமும் அவற்றைப் புதுப்பிக்காது, எந்தத் தலைப்பு வரியும் அவற்றுக்குக் காலாவதி குறிக்காது. அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடைப்பட்டியின் ஒவ்வொரு பக்க அடியிலும் ‘பதிப்பு 2, 14 ஆகஸ்டு’ என்பதுபோல் பதிப்பு எண்ணையும் நாளையும் அச்சிடுங்கள். தளத்தின் பட்டியலிலும் அதே எண் இருக்கட்டும். கையில் இருப்பது புதியதா பழையதா என்று மாணவர் அந்த இரண்டையும் ஒப்பிட்டுத் தாமே தெரிந்துகொள்வார்.